திருவிழா உடலுக்கும் மகிழ்ச்சியாகட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக்கால மறையுரையின் எழுத்து வடிவம்)

இறைவார்த்தை: 1 அரசர்கள் 19:4-8

 

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், குடில் கட்டுகிறோம், வாசலில் நட்சத்திரம் தொங்கவிடுகிறோம். அடுத்து புத்தாண்டு, அதற்கடுத்து பொங்கல். டிசம்பர் 24 மாலை தொடங்கி மூன்று வாரங்கள் நமக்குக் கொண்டாட்டக் காலம். இந்த மூன்று வாரமும் முடிந்தபின் நம்மில் பலர் சொல்லும் வார்த்தை என்ன? "அப்பாடா, ஒருவழியா முடிஞ்சுது!" சிலருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். சிலருக்குக் கடன் ஏறியிருக்கும். அடுப்படியிலேயே நின்ற தாய்க்கு முழங்கால் வீங்கியிருக்கும். மீட்பர் பிறந்த விழா நம்மை இப்படியா விட்டுச் செல்ல வேண்டும்?

அன்பார்ந்தவர்களே, நாம் கொண்டாடும் மறைபொருள் என்ன? கடவுளின் வாக்கு மனித உடல் எடுத்தார் என்பதுதான். அந்த உடலுக்குப் பசி இருந்தது, தாகம் இருந்தது, தூக்கம் இருந்தது. களைத்துப்போன இயேசு சமாரியாவில் கிணற்றோரம் உட்கார்ந்தார். புயலடித்த கடலில் படகிலேயே தூங்கினார். கானாவூரில் திருமண விருந்தில் அமர்ந்தார். கடவுளே குடிகொள்ளத் தயங்காத இந்த உடலை நாம் எப்படி நடத்துகிறோம்? நம் உடல் தூய ஆவியார் வாழும் கோவில் என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். நாம் வாழ்வது ஆயிரம் கோவில்களின் நகரம் என்று பெயர்பெற்ற காஞ்சிபுரம். கோவிலுக்கு நடை திறக்கும் நேரமும் உண்டு, நடை சாத்தும் நேரமும் உண்டு என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் உடல் என்னும் கோவிலுக்கு மட்டும் விழாக் காலத்தில் நடை சாத்தும் நேரமே இல்லாமல் போய்விடுகிறது.

முதலில் ஓய்வைப் பற்றிப் பேசுவோம். இன்றைய வாசகத்தில் இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச் செடியின் கீழ் விழுந்து கிடக்கிறார். இனி வாழ முடியாது, சாவதே மேல் என்று புலம்புகிறார். ஆண்டவர் அவரைக் கண்டித்தாரா? பிரசங்கம் செய்தாரா? இல்லை. தூங்கவிட்டார். பிறகு வானதூதர் அவரைத் தட்டியெழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். மறுபடியும் உணவு. அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நீண்ட பயணம். அங்கேதான் இறைவனின் மெல்லிய குரல். உறக்கமும் உணவும் முதலில், ஊழியம் பிறகு. இது ஆண்டவர் வைத்த வரிசை.

மார்கழியில் நம் ஊரில் இந்த வரிசை மாறிவிடுகிறது. "சாமி, தை முகூர்த்தத்துக்குள்ள சேலையை அறுத்துக் கொடுக்கணும்" என்ற பேச்சு எல்லாத் தெருக்களிலும் கேட்கிறது. மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது. அதனால் போன நாள்களை ஈடுகட்ட இரவிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அசல் கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா, இரண்டு பேர் உழைப்பு. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் மிதித்தால் இடுப்பும் முழங்காலும் என்னாகும் என்பது உங்களுக்கே தெரியும். கூலி சேலைக் கணக்கில்தான் வருகிறது, உட்கார்ந்தால் வருமானம் நின்றுவிடும் என்பதும் உண்மைதான். அந்த நெருக்கடி தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் தறி தெரிந்த உங்களுக்கே அந்தத் தறி ஒன்றைச் சொல்கிறது. பாவை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் இழை அறும். தளர்வாக விட்டால் துணி தொய்யும். அறுந்த இழையை முடிந்துவிடலாம். அறுந்த நரம்பை அப்படி முடிய முடியுமா? மணிக்கு ஒருமுறை எழுந்து கை கால் நீட்டுங்கள். இரவில் ஆறேழு மணி நேரமாவது படுங்கள். ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் விடுங்கள். ஓய்வு நாளைக் கடவுள் கட்டளையாகவே கொடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டளை என்று சொல்லாவிட்டால் நாம் எடுக்க மாட்டோம். வேலை கொடுக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: விழாவுக்கு முந்தின நாள் வரை ஆளை விரட்டிவிட்டு, விழாவன்று இனிப்புப் பெட்டி கொடுப்பதால் கணக்கு நேராகிவிடாது.

அடுத்து உணவு. பழைய ஞானோபதேசம் படித்த பெரியவர்களைக் கேட்கிறேன். தலையான பாவங்கள் ஏழில் ஐந்தாவது எது? போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியம்? மட்டசனம். அழகான சொல். மட்டாக, அதாவது அளவாக, உண்பது. சாப்பிடாமல் கிடப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. அச்சு முறுக்கும் கலகலாவும் அதிரசமும் கேக்கும் பிரியாணியும் கடவுள் தந்த மகிழ்ச்சிகள்தான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. கோவில் பெஞ்சில் உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், புரியும்.

இங்கே திருச்சபையின் ஞானம் நமக்கு உதவுகிறது. கிறிஸ்து பிறப்பை நாம் ஒரே நாளில் முடிப்பதில்லை. எண்கிழமை என்று எட்டு நாள்கள் கொண்டாடுகிறோம். ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம் நீடிக்கிறது. எட்டு நாள் மகிழ்ச்சியை ஒரே இலையில் கொட்டுவானேன்? இன்றைக்கு ஒரு துண்டு கேக், நாளைக்கு ஒரு முறுக்கு. சாப்பிட்டபின் அரை மணி நேரம் நடை. பிள்ளைகளோடு தெருத் தெருவாகக் குடில் பார்க்கப் போனாலே அந்த நடை கிடைத்துவிடும்.

மூன்றாவதாக, நம் மூத்தோருக்கு முக்கியமான ஒரு செய்தி. நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை வாங்க வேண்டும் என்பதற்காக மாலையிலிருந்தே சாப்பிடாமல், மாத்திரையும் போடாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பக்தி நல்லது. ஆனால் திருச்சபை அப்படிக் கேட்கவில்லை. 1964-இல் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் நற்கருணை நோன்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். திருச்சபைச் சட்டம் 919 என்ன சொல்கிறது? தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிக்காது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே வேளைக்குச் சாப்பிடுங்கள், மாத்திரையைப் போடுங்கள், நிம்மதியாக நற்கருணை வாங்குங்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதில் ஆண்டவருக்கு மகிமை இல்லை. பனியில் வர முடியாதவர்கள் பகல் திருப்பலிக்கு வாருங்கள். அதற்கும் முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நற்கருணையை வீட்டுக்கே கொண்டு வருகிறோம். அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. விழாவுக்கு முன்பே கையிருப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன் நாட்டில் 16 ஆண்டுகளில் ஏற்பட்ட 2 லட்சத்து 83 ஆயிரம் மாரடைப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாளில் மாரடைப்பு வழக்கத்தைவிட 37 விழுக்காடு அதிகம். அதிலும் இரவு 10 மணியளவில் உச்சம். 75 வயதைக் கடந்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அது குளிர் நாடுதான். ஆனால் அலைச்சல், படபடப்பு, அளவு மீறிய விருந்து எல்லாம் நமக்கும் உண்டு. விழா இரவில் நெஞ்சு வலித்தால், "வாயுவாக இருக்கும், பூசை முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞான நூல், 38-ஆம் அதிகாரம்.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "வருஷத்துல ஒரு நாள்தானே சாமி" என்பார்கள். விடுமுறை நாள்களில் அளவு மீறிக் குடித்து இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள், 1978-இல் அதற்கு "விடுமுறை இதயம்" என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஒரு நாள் போதும் என்பதற்கு இது சாட்சி. அதைவிடப் பெரிய சேதம் வீட்டுக்குள் நடக்கிறது. அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் வீட்டில் எத்தனை விளக்குப் போட்டாலும் அங்கே குடில் இருட்டுதான்.

தாய்மார்களையும் மறந்துவிடக் கூடாது. விருந்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் அவர்தான். ஆறிப்போனதும் மீந்ததும்தான் அவர் இலைக்கு வருகிறது. மார்த்தா தனியாக அலுத்துக்கொண்டதை நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் வீட்டு மார்த்தாக்களைத் தனியாக விடாதீர்கள். ஆண்களும் பிள்ளைகளும் வெங்காயம் உரிக்கலாம், பாத்திரம் கழுவலாம். அம்மா முதல் பந்தியில் உட்காரட்டும்.

இந்த ஆண்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு விழாவைச் சந்திக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஊரின் வெடிச் சத்தமே வலியாக இருக்கும். அழுவது விசுவாசக் குறைவு இல்லை. இலாசரின் கல்லறை முன் ஆண்டவரும் அழுதார். மனம் தாங்க முடியாமல் போனால் பேசுங்கள். பங்குத் தந்தையிடம் பேசுங்கள், நண்பரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

முடிவாக, நெகேமியா நூலில் ஒரு காட்சி. திருச்சட்டம் வாசிக்கக் கேட்டு மக்கள் அழுகிறார்கள். அவர்களிடம், அழ வேண்டாம், போய் நல்ல உணவு உண்ணுங்கள், ஒன்றும் சமைக்க வழியில்லாதவர்களுக்கு ஒரு பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. விருந்தின் அளவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. என் இலையில் அதிகமாக இருப்பது அடுத்தவருடைய பங்கு. தீபாவளிக்கு நமக்குப் பலகாரம் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கு நாம் கொடுத்தனுப்புவோம். காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வந்து, நோயாளிக்குத் துணையாகக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு. எண்கிழமையில் ஒரு நாள் அவர்களுக்கு ஒரு வேளை உணவு கொண்டுபோவோம். பகிர்ந்தவருக்கு அசீரணம் வராது!

செபிப்போம். எங்களைப் போல உடலெடுத்து, மாட்டுத் தொழுவத்தில் உறங்கிய ஆண்டவரே, தறியிலும் அடுப்படியிலும் களைத்திருக்கும் எங்களுக்கு நல்ல தூக்கம் தாரும். உண்பதில் அளவையும், கொடுப்பதில் தாராளத்தையும் தாரும். நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கும். எங்கள் விழா எங்கள் உடலுக்கும் ஆன்மாவுக்கும் நலமாக அமையட்டும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!