கல்லூரி மாணவரும் கிராம சபையும்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் கிராம முகாமும் உண்டு. நம் கல்லூரிகள் இதுவரை தந்த குடிமைப் பயிற்சி பெரும்பாலும் இதுதான். ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிய அந்தக் கைகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும், முகாம் முடிந்து ஊர் திரும்பும் மாணவர் எதைக் கற்காமல் திரும்புகிறார் என்பதை நாம் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இது தெரியாதவரும் ஏரியில் இறங்கி உழைக்கலாம். ஆனால் மறு ஆண்டு அதே முள் மண்டிக் கிடந்தால் யாரிடம் முறையிடுவது, வரத்துக்கால்வாயை அடைத்திருக்கும் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியவர் யார், மராமத்துக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று அவரால் கேட்க முடியாது. கேட்கத் தெரியாத உழைப்பை ஆண்டுதோறும் புதிய மாணவர்களைக் கொண்டு நிரப்பி வருகிறோம்.

கேட்கக் கற்றுக்கொள்ளும் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிராம சபையின் உறுப்பினர். வாக்குரிமை வயது 1989இல் 18 ஆனது. ஆகவே கிராமத்திலிருந்து வரும் மாணவர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டாலே போதும், உறுப்பினராகிவிடுகிறார். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவை இந்தச் சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று சபை கூடிவந்த நான்கு நாள்களும் விடுமுறை நாள்கள். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன. நான் கேட்பது புதிய பாடத்தாள் அன்று. அந்த 240 மணி நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும். மாணவர் தம் ஊராட்சியின் கணக்கை வாங்கிப் படிக்கட்டும்; ஒரு தீர்மானத்தைத் தேர்ந்து, அது நிறைவேறும்வரை ஓராண்டு பின்தொடரட்டும்; பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, 30 நாள் காத்திருந்து, வந்த பதிலை வகுப்பில் வைத்து ஆராயட்டும். முகாமின் புகைப்படங்களுக்குப் பதிலாக இந்தக் கோப்பை வைத்து மதிப்பிடலாம்.

கல்லூரிக்குள் அரசியல் நுழைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது எந்தக் கல்லூரியின் பாடத்திட்டமும் அவர்களை அழைத்து வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் காமராஜரைத் தோற்கடித்தார். 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. அரசியல் எப்படியும் வரும். கணக்கும் சட்டமும் படித்துவிட்டு வருவதே நல்லது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று: கிராம சபையே பல ஊர்களில் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டது, அங்கே மாணவர் எதைக் கற்பார் என்பது. இது உண்மைதான். சாதியும் அங்கே அமர்ந்திருக்கிறது. யார் நாற்காலியில், யார் தரையில், யார் பேசலாம் என்பதெல்லாம் கூட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடும் ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தலித் மாணவியைத் தனியே எழுந்து கேள்வி கேட்கச் சொல்வது கல்வி ஆகாது, அவரை ஆபத்தில் தள்ளுவதாகும். அதனால் கல்லூரி மாணவர்களைக் குழுவாக அனுப்ப வேண்டும். ஆசிரியர் உடன் செல்ல வேண்டும். கல்லூரியின் பெயரில் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் முன்கூட்டியே கடிதம் போக வேண்டும். 500 பேருக்கு மிகாத ஊரில் சபைக்குக் குறைவெண் 50 பேர். அந்த ஐம்பது பேருக்கு நடுவே கணக்கைப் படித்துவிட்டு வந்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால், வாசிப்பவர் எந்த வரியையும் விழுங்கிவிட்டுப் போக முடியாது.