காடர் பிரபுவின் கடைசி வாக்குமூலம்



தமக்குப் பிடித்த நூல்களைப் பற்றித் தமக்குப் பின்னும் நாலு பேர் கூடிப் பேச வேண்டும் என்று ஒருவர் அறக்கட்டளை நிறுவிப் பொருள் ஒதுக்கி வைப்பது பெரிய மனசு. அந்தப் பெரியவரின் நினைவை வணங்கி, ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த நாடகத்தின் கருத்து என்ன என்று கேட்டால் பேராசை பெருநஷ்டம் என்று சட்டென்று விடை வரும். அவ்வளவுதான் என்றால் பழமொழியே போதும், ஐந்து அங்கங்கள் எதற்கு? குற்றவுணர்ச்சி ஒருவனைத் திருத்தும் என்று நாம் நம்புகிறோம். இந்த நாடகம் அந்த நம்பிக்கையைத்தான் விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது.

அடைக்கப்பட்ட வழிகள்

முதலில் நாடகம் பிறந்த சூழலைப் பார்ப்போம். 1603இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் மறைந்தார். ஸ்காட்லாந்தை ஆண்ட ஆறாம் ஜேம்ஸ், முதலாம் ஜேம்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு மன்னரின் குழு ஆயிற்று. 1605 நவம்பர் 5 அன்று, நாடாளுமன்றத்தோடு மன்னரையும் வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அந்தப் பரபரப்பு அடங்காத 1606ஐ ஒட்டித்தான் ‘மேக்பெத்’ எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. அச்சேறியது 1623இல்தான்.

வரலாற்று மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். அவனுக்கு முன் ஆண்ட மன்னன் டங்கன் அவனோடு மோதிய போரில் மாண்டான், நாடகத்தில் வருவதுபோல் படுக்கையில் அல்ல. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் மேக்பெத் பத்தாண்டு நல்லாட்சி நடத்துகிறான். அரியணைக்குத் தனக்கும் உரிமை உண்டு என்ற நியாயமான மனக்குறை அவனுக்கு இருக்கிறது. டங்கனைக் கொல்வதில் அவனுடைய சக படைத்தலைவன் பாங்க்கோவும் கூட்டாளி.

பாங்க்கோவைத் தம் முன்னோராகக் கருதியவர் ஜேம்ஸ் மன்னர். அவர் முன்னிலையில் பாங்க்கோவைக் கொலையாளியாகக் காட்ட முடியுமா? ஷேக்ஸ்பியர் அவனை நல்லவனாக்கினார். அதோடு நிற்கவில்லை. பத்தாண்டு நல்லாட்சியை அடித்தார், மனக்குறையைத் தேய்த்தார். உறங்கும் அரசனை விருந்தளித்த வீட்டிலேயே கொல்லும் நிகழ்ச்சியை அதே நூலின் வேறொரு மன்னன் கதையிலிருந்து எடுத்து இங்கே பொருத்தினார். அரசரை மகிழ்விக்கத் தொடங்கிய மாற்றம், மேக்பெத் தன் குற்றத்துக்குச் சொல்லக்கூடிய சாக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டது.

தெரிந்தே செய்தவன்

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியைப் பாருங்கள். உள்ளே விருந்து நடக்கிறது. மேக்பெத் தனியே வெளியே வந்து கணக்குப் போடுகிறான். டங்கன் என் உறவினர், என் அரசர், இன்று என் விருந்தாளி. கொலைகாரனுக்குக் கதவை அடைக்க வேண்டிய நானே கத்தி எடுக்கலாமா? தன்னைத் தூண்டுவது ஆசை ஒன்றுதான் என்றும் ஒப்புக்கொள்கிறான். அவன்மீது வழக்குத் தொடுக்கும் வக்கீல்கூட இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது.

இருவருக்கும் ஆரூடம் சொன்ன சூனியக்காரிகள்மீது பழியைப் போட்டுத் தப்பவும் வழியில்லை. நீ அரசனாவாய் என்றார்கள், கொலை செய் என்று சொல்லவில்லை. அதே இடத்தில் நின்ற பாங்க்கோவின் வாரிசுகள் ஆள்வார்கள் என்றும் சொன்னார்கள். அவன் யாரையும் கொல்லவில்லை.

டங்கனின் கொலை மேடையில் நிகழ்வதில்லை. கொன்றவன் திரும்பி வருவதைத்தான் பார்க்கிறோம். காவலர் அருகே போட்டுவிட்டு வரவேண்டிய கத்திகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருகிறான். உறக்கம் கலைந்த யாரோ இறைவனை வேண்டினார்கள், ‘ஆமென்’ என்று சொல்ல வந்தது, ஆனால் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று புலம்புகிறான். மனைவி கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறாள். அவள் கையிலும் இப்போது ரத்தம். கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்கிறாள். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

குற்றவுணர்ச்சி செய்த வேலை

இந்த வேதனை அவனை நிறுத்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மனம் அமைதியாக வேண்டும் என்பதற்காகவே பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். இம்முறை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. விருந்தில் பாங்க்கோவின் ஆவி மேக்பெத்தின் இருக்கையில் வந்து அமர்கிறது. நடுங்குகிறான், உளறுகிறான். விருந்தினர் போனபின் அவன் எடுக்கும் முடிவு என்ன? ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கியாகிவிட்டது, திரும்புவதும் போவதும் ஒரே பாடுதான், போய்விடலாம் என்பது. அடுத்து ஸ்காட்லாந்துப் பிரபு மக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும் வெட்டப்படுகிறார்கள். மக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபின் நடக்கும் அந்தக் கொலையால் மேக்பெத்துக்குக் காசளவு லாபமும் இல்லை. குற்றவுணர்ச்சியைத் தாங்க முடியாதவன் அடுத்த குற்றத்தால் அதை மூடப் பார்க்கிறான்.

மேக்பெத்தின் மனைவியின் கதை வேறு வழியில் போகிறது. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில் தூக்கத்தில் நடந்து வருகிறாள். எப்போதும் விளக்கு அருகே இருக்கவேண்டும் என்பது அவள் உத்தரவு. 1785இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இந்த வேடம் ஏற்ற சாரா சிடன்ஸ், மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் தேய்த்துக் கழுவுவதாக நடித்தார். முன்பு நடித்தவர்கள் அதைக் கையைவிட்டு இறக்காதவர்கள். அரங்கின் பொறுப்பிலிருந்த ஷெரிடன் தடுத்தும் சிடன்ஸ் கேட்கவில்லை. ஒரு கையில் விளக்கைப் பிடித்தபடி கறையைக் கழுவ முடியுமா? அவர் செய்ததே சரி. நாடகத்தில் மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் பேசுவதை மருத்துவர் குறித்துக்கொள்கிறார். இவருக்கு வேண்டியது வைத்தியர் அல்ல, பாதிரியார் என்று கைவிரிக்கிறார். விழித்திருக்கும்போது அவள் வாயிலிருந்து வராத வாக்குமூலம் உறக்கத்தில் வருகிறது. அதற்கு மன்னிப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது.

பத்து வரிப் பாத்திரம்

இனி ஒரு சிறிய பாத்திரம். அவன் மேடைக்கே வருவதில்லை. நாடகத் தொடக்கத்தில் நாட்டுக்குத் துரோகம் செய்த காடர் பிரபுவுக்கு மரண தண்டனை. அவன் பட்டம் மேக்பெத்துக்குப் போகிறது. முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில், அவன் செத்த விதத்தை இளவரசன் மால்கம் ஏறத்தாழப் பத்து வரிகளில் சொல்கிறான்: துரோகத்தை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டான், மன்னரிடம் மன்னிப்புக் கேட்டான், மனம் வருந்தினான், வாழ்ந்ததைவிடச் செத்தது அவனுக்குப் பெருமை தந்தது. அந்தப் பேச்சு முடிந்த கையோடு மேடைக்குள் நுழைகிறவன், புதிய காடர் பிரபுவான மேக்பெத்!

துரோகியின் பட்டத்தை வாங்கிக்கொண்டவன் அவனுடைய வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கடைசிச் சண்டையில்தான் மக்டஃபைப் பார்த்து, உன் குடும்பத்து ரத்தம் என் ஆன்மாமேல் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, விலகிப் போ என்கிறான். பாதிக்கப்பட்டவனிடம் அவன் நேரில் சொன்ன ஒப்புதல் அது ஒன்றே. அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தண்டனை இருவருக்கும் ஒன்றுதான்: மரணம். வாக்குமூலம் பழைய காடரின் உயிரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவனோடு அவன் குற்றம் முடிந்தது. மேக்பெத்தின் குற்றம் பாங்க்கோவையும், மக்டஃபின் பிள்ளைகளையும், சொந்த மனைவியையும் காவு வாங்கியபின்தான் முடிந்தது. மனசுக்குள் உறுத்துவது அறம் ஆகாது. உறுத்தியதை உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதன் விலையைக் கொடுக்கும்போதுதான் அது அறத்தின் பக்கம் வருகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாடகத்தைத் தேர்வுக்குப் படிக்கும்போது எல்லாரும் கத்திக் காட்சிக்குத் தாவுவீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பத்து வரிகளை நின்று படியுங்கள். மேக்பெத் தப்பியிருக்கக்கூடிய வழி அங்கேதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.