நிறையும் எடையும்

முற்காலத்தில் சென்னையில் ஒரு மணங்கு என்றால் ஏறத்தாழ 11 கிலோகிராம். வங்காளத்திலோ ஏறத்தாழ 37 கிலோகிராம். பெயர் ஒன்று, அளவு வேறு. ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்தோர்க்கு இது பெருந்தொல்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் கிலோகிராமை ஒரே அளவாக்கியது. ஆயினும் இயற்கை ஒரு சிறு வேறுபாட்டை விட்டுவைத்துள்ளது. அதனை அறிய, நிறை, எடை என்னும் இரு சொற்களின் பொருளை நாம் பிரித்துணர வேண்டும்.

ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அப்பொருளைப் பூமி தன்பால் இழுக்கும் விசை எடை. நிறை எங்குச் சென்றாலும் மாறாது. எடையோ இடத்திற்கு இடம் மாறும்.

ஏன் மாறுகிறது? சுழலும் பூமி நிலநடுக்கோட்டருகே சற்றுப் புடைத்துள்ளது. அங்குள்ள பொருள்கள் பூமியின் மையத்திலிருந்து சிறிது விலகி நிற்கின்றன. சுழற்சியும் எடையைச் சற்றே குறைக்கிறது. ஆதலின் சென்னையைவிட, வடக்கேயுள்ள டில்லியில் எடை மிகுதி. சென்னையில் சரிபார்த்த சுருள்வில் தராசை டில்லிக்குக் கொணர்ந்து, அதில் ஒரு கிலோகிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டால், ஒரு கிராமுக்குச் சற்றே குறைந்த அளவு கூடுதலாகக் காட்டும். கல் வளரவில்லை, இழுப்பே மிகுந்தது.

நம் பாட்டனார் கையாண்ட இருதட்டுத் தராசுக்கு இக்குறை இல்லை. ஒரு தட்டில் பண்டம், மறு தட்டில் எடைக்கல். இழுப்பு மிகுந்தால் இரண்டிற்கும் ஒப்ப மிகும். முள் நடுவிலேயே நிற்கும். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையினும், அத்தராசு நிறையைச் சரியாகவே காட்டும்.

இன்று கடைகளில் விளங்கும் மின்னணுத் தராசு விசையை உணர்ந்து கணக்கிடுவது. ஆகவே அதனை நிறுவிய ஊரிலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்தல் வேண்டும். சென்னையில் சரிசெய்ததை அவ்வாறே டில்லியில் வைத்து 100 கிராம் பொன்னை நிறுத்தால், ஏறத்தாழ 90 மில்லிகிராம் மிகையாகக் காட்டும். வாங்குவோர் இல்லாத பொன்னுக்கு விலை கொடுப்பர். பொன் வாங்குமுன் தராசில் அரசு முத்திரையும் அதன் ஆண்டும் உள்ளனவா என்று நோக்குதல் நன்று.

எடைக்கல்லுக்கும் ஒரு மூலம் உண்டு. 1889 முதல் பாரிஸ் அருகே காக்கப்பட்ட ஓர் உலோக உருளையே கிலோகிராமின் மூலமாய் இருந்தது. அதன் 57-ஆம் படி, டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல், மாறாத இயற்கை அளவான பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. ஊருக்கோர் மணங்காய் இருந்த அளவு, இன்று எவ்வூர்க்கும் பொதுவாய் நிற்கிறது.