வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட்டை லைனுக்கு விடலாமா?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் நமது அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படிச்சது எலெக்ட்ரிக்கல் என்பதால இந்தத் தலைப்பை என் தலையில கட்டிட்டாங்க. கொடுத்திருக்கிறது பத்து நிமிஷம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. இன்வெர்ட்டர் பேட்டரியை ஃபுல் சார்ஜ் பண்ணி, அவுட்புட் ஒயரை அப்படியே சுவர் ப்ளக்கில் சொருகினா கரண்ட் லைனுக்குப் போகுமாம், மீட்டர் பின்னாடி ஓடுமாம், பில் குறையுமாம். தயவுசெஞ்சு யாரும் இதை ஷேர் பண்ணாதீங்க. செஞ்சு பார்க்கவே கூடாது.

முதல்ல பணக் கணக்கைப் பார்ப்போம். நம்ம வீடுகள்ல சாதாரணமா இருக்கிறது 12 வோல்ட், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி. பெருக்கினா 1,800 வாட் அவர், அதாவது 1.8 யூனிட். முழுசா காலி பண்ணினா பேட்டரி சீக்கிரம் செத்துடும், பாதிதான் எடுக்கணும். ஆக 0.9 யூனிட். அந்த 0.9 யூனிட்டை மறுபடி ஏத்த, லைன்ல இருந்து ஏறக்குறைய 1.3 யூனிட் இழுக்கும். மிச்சம் சூடாப் போயிடும். வட்டிக்கு வாங்கி, வட்டியில்லாம கடன் கொடுக்கிற கதை இது.

மீட்டர் பின்னாடி ஓடும்ங்கிறது பழைய தட்டு சுத்துற மீட்டர் காலத்துப் பேச்சு. இப்போ இருக்கிற எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பலதுல கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் கூட்டல்தான். நீங்க கொடுத்த யூனிட்டுக்கும் உங்களுக்கே பில் வரும்.

அதுக்கு முன்னாடி இன்வெர்ட்டரே வெடிச்சிடலாம். லைன் கரண்ட்ங்கிறது நொடிக்கு 50 முறை ஏறி இறங்குற அலை. தேர் வடம் இழுக்கிற மாதிரி, எல்லாரும் ஒரே தாளத்துல இழுத்தாத்தான் தேர் நகரும். சாதா இன்வெர்ட்டர் தனக்குன்னு ஒரு தாளத்துல ஓடும். அதை உயிரோட இருக்கிற லைன்ல சேர்த்தா, லைன்தான் ஜெயிக்கும். லைனோட அலையைப் பார்த்து, அதுக்கு ஈடா சேர்ந்து ஓடுறதுக்குன்னே செஞ்சது கிரிட் டை இன்வெர்ட்டர். வீட்ல ஃபேனுக்கு வச்சிருக்கிறது அது இல்லை.

காசு போனா சம்பாதிச்சுக்கலாம். உயிர் விஷயம் அப்படி இல்லையே. புயல், மழை நேரம். உங்க தெருவில் கம்பி அறுந்து கிடக்கு. லைன்மேன் அண்ணன் எல்.சி. வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சை இறக்கிட்டுக் கம்பத்துல ஏறுறார். ஏதோ ஒரு வீட்டு இன்வெர்ட்டர் ப்ளக் வழியா லைனுக்குள்ள கரண்ட் விட்டா, அவர் கை வைக்கிற கம்பி 230 வோல்ட். அதே கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறினா, மறுபக்கம் 11,000 வோல்ட் அளவுக்குப் போகும். 'பக்கத்து வீட்டு லோடு எல்லாம் சேர்ந்து இழுத்து இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிடுமே'ன்னு கேட்பீங்க. பெரும்பாலும் ஆகும். ஆனா கம்பி அறுந்து, உங்க வீடும் இன்னும் ரெண்டு வீடும் மட்டும் தனியா மாட்டிக்கிட்டா ட்ரிப் ஆகாது. ஒரு மனுஷன் சாக அந்த ஒரு தடவை போதும்.

இது இன்வெர்ட்டருக்கு மட்டும் இல்லை. ஜெனரேட்டரை ரெண்டு பக்கமும் பின் வச்ச ஒயரால வீட்டு ப்ளக்கில் கொடுக்கிற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்டயும் இருக்கு. தெருமுனைக் கூட்டத்துக்கு ஜெனரேட்டர் வைக்கிற தோழர்களே, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம எந்தக் கட்டடத்தோட ஒயரிங்லயும் கொடுக்காதீங்க.

முறையான கிரிட் டை இன்வெர்ட்டர்ல இந்த ஆபத்துக்குத் தடுப்பு உள்ளயே இருக்கு. லைன் போனா 2 நொடிக்குள்ள அது தானா நின்னுடணும், அதுதான் தர விதி. 'மாடியில சோலார் போட்டேன், கரண்ட் போனா லைட் எரியலையே, ஏமாத்திட்டாங்க'ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். லைன்மேனுக்காகத்தான் அது நிக்குது. கரண்ட் போனாலும் வீட்ல எரியணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். அது லைனைத் துண்டிச்சிட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும்.

சரியான வழி பெரிய ரகசியம் இல்லை. ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில கொண்டு வந்த சூரிய வீடு திட்டத்தோட இணையதளத்துல விண்ணப்பிக்கலாம். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். இந்தக் கணக்கு பேனலுக்குத்தான், பேட்டரி இதுல வராது. மின்வாரியம் இருவழி மீட்டர் வச்ச பிறகுதான் ஆன் பண்ணணும். நீங்க லைனுக்குக் கொடுத்ததை எடுத்ததுல கழிப்பாங்க, மிஞ்சினா அடுத்த பில்லுக்குப் போகும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒண்ணு சொல்லணும்: ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள முடிகிற வீட்டுக்கு, 100 யூனிட் இலவசமும் இருக்கும்போது, கடன் வாங்கி சோலார் போடச் சொல்லி நான் பிரசாரம் பண்ண மாட்டேன்.

இப்போ அரசியலுக்கு வர்றேன். 2024 மே மாசம் தமிழ்நாட்டோட மின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டுச்சு. பகல்ல சோலார் கை கொடுக்குது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் லைட், ஏ.சி., மிக்ஸி ஓடும்போது சோலார் பூஜ்யம். அந்த நேரத்துல மின் சந்தையில விலை, உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுற நாட்கள் உண்டு. வீட்டு பேட்டரிக்கு உண்மையான வேலை இங்கதான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுக் கணக்குல மதியம் கொடுத்த யூனிட்டும் ராத்திரி கொடுத்த யூனிட்டும் ஒண்ணேதான். அப்புறம் யாரு காசு போட்டு பேட்டரி வாங்குவாங்க?

தெற்கு ஆஸ்திரேலியா மாநில அரசு 2018-லயே, 50,000 வீட்டு பேட்டரிகளைச் சேர்த்து ஒரே மின் நிலையம் மாதிரி ஓட்டுற திட்டத்தை டெஸ்லாவோட சேர்ந்து அறிவிச்சது. இங்க ஒரு லட்சம் வீடு ஆளுக்கு 2 கிலோவாட் கொடுத்தா 200 மெகாவாட். புதுசா நிலம் எடுக்க வேண்டாம், கரி எரிக்க வேண்டாம்.

அதனால கேட்க வேண்டியது இது: மாலை உச்ச நேரத்துல, அனுமதி பெற்ற வீட்டு பேட்டரியில இருந்து லைனுக்குப் போற யூனிட்டுக்குத் தனி விலை. விலையை முடிவு பண்றது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் மாத்தும்போது அவங்க பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்பாங்க. அதுக்கு ஒரு பக்க மனு வரைவு நான் தயார் பண்ணி மாவட்ட அணிகளுக்கு அனுப்புறேன். சோலார் போட்டவங்க உங்க பகுதியில எத்தனை பேர், பேட்டரியோட எத்தனை பேர்னு கிளைவாரியா எடுத்து வையுங்க. அந்த எண்ணிக்கை இல்லாம மனு போட்டா யாரும் படிக்க மாட்டாங்க.