மூன்று சி.டி. வீணானது ஏன்?



2003-ஆம் ஆண்டு. ஒரு சிற்றூர். அங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஊராரின் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. காலமான ஒரு பெரியவரின் ஒரே படமும் அதில்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. அது கெட்டால் படங்களும் போய்விடும். எனவே ஸ்டூடியோக்காரர் பழைய சி.டி. ரைட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். சி.டி.யில் படங்களைப் பதியும் கருவி அது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

அவருடைய மகள் கம்ப்யூட்டர் கற்றவர். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பெட்டியைத் திறந்தார். ஒரே பட்டை வயரில் இரண்டு கருவிகள் இருந்தன. அப்படி இருந்தால் ஒன்று 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்' என்று இருக்க வேண்டும். கருவியின் பின்னால் 'ஜம்பர்' என்ற சின்ன மூடி உண்டு. அதை இடம் மாற்றினால் போதும். இங்கே இரண்டுமே மாஸ்டர்! மகள் ஒன்றை மாற்றினார். ரைட்டர் வேலை செய்தது.

ஆனால் சி.டி. பாதியில் கெட்டது. ஒன்றல்ல, மூன்று!

"என்னம்மா, காசெல்லாம் வீணாகிறதே?" என்றார் அப்பா.

"அப்பா, முதலில் கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டை நிறுத்துங்கள்" என்றார் மகள்.

ஏன் அப்படிச் சொன்னார்? ரைட்டருக்குள் லேசர் ஒளி இருக்கிறது. அது சி.டி.யைச் சுட்டுச் சுட்டுப் பதிகிறது. பதிய வேண்டிய தகவல் இடைவிடாமல் வர வேண்டும். ரைட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருப்பதாக நினையுங்கள். மோட்டார் மெதுவாக நிரப்புகிறது. குழாய் வேகமாகத் திறந்திருக்கிறது. தொட்டி காலியாகிவிடும் அல்லவா? அதுபோலத் தகவல் தீர்ந்தால் சி.டி. வீண். 2000-ஆம் ஆண்டுக்கு முன் வந்த ரைட்டர்களில் இந்தத் தொல்லை அதிகம். பிறகு வந்தவை நின்று தொடரக் கற்றுக்கொண்டன.

மகள் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்தினார். 8 மடங்கு வேகத்தை 4 மடங்காகக் குறைத்தார். சுமார் 20 நிமிடம் யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான்காவது சி.டி. நன்றாகப் பதிந்தது.

அப்பா உடனே கம்ப்யூட்டரில் இருந்த படங்களை அழிக்கப் போனார். மகள் தடுத்தார். வேறொரு கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டார். பெரியவரின் படம் தெளிவாக வந்தது. பிறகு இன்னொரு சி.டி.யும் பதிந்து வீட்டில் வைத்தார்.

இன்று பென் டிரைவ் வந்துவிட்டது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். பிரதி எடுங்கள். திறந்து பாருங்கள். பிறகே பழையதை அழியுங்கள்.