மாதம் முழுக்க ஒரு தோணி

போன மாதம் நிறையப் படித்தேன். கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ சுவையாகப் போனது, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் ப. சிங்காரம்தான்.

சிங்கம்புணரியில் பிறந்தவர். பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் போனார். இரண்டாம் உலகப்போரை அங்கிருந்தே பார்த்தார். பிறகு மதுரையில் தினத்தந்தி வேலை. அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேற வெகுகாலம் காத்திருந்தது, 1972இல்தான் புத்தகமானது. தொடக்கத்தில், புதிதாகக் கப்பல் ஏறியவன்போலக் கொஞ்சம் தலை சுற்றும். பொறுத்துக்கொண்டால் மேடான் தெருவும் ஜப்பானியப் படையும் மதுரை நினைவுகளும் அலையலையாக வரும். இவ்வளவு எழுதத் தெரிந்தவர் மொத்தமே இரண்டு நாவல்தான் எழுதினார்!

மாதம் பத்துப் புத்தகம் என்று கணக்குச் சொல்லும் நண்பர்களே, இந்த மாதம் இதை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்களேன்.