ஊர் நேரம் மாறலாம், பால் நேரம் மாற வேண்டாம்



நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அல்ல. நாமக்கல் லாரி போகாத மாநிலம் ஏது? திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத சீமை ஏது? இன்றைக்கு அதோடும் நிற்கவில்லை. சிங்கப்பூர், துபாய், லண்டன், அமெரிக்கா என்று பிழைக்கப் போனவர்கள் நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். பிரசவம் தாய் வீட்டில் நடக்கிறது. மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனதும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் இருக்கிற தேசத்துக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது.

புறப்படுகிற வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "அங்கே மணியே வேறயாமே, குழந்தைக்கு எந்த நேரத்துக்குப் பால் கொடுக்கறது?" பக்கத்தில் இருக்கிற அம்மாயி, "அலைச்சல்ல பால் வத்திப் போயிரும் கண்ணு, எதுக்கும் ஒரு டப்பா பால் மாவும் புட்டியும் வாங்கி வெச்சுக்கோ" என்பார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நல்லபடியாகத் தாய்ப்பால் குடித்துவந்த எத்தனையோ குழந்தைகள் புட்டிக்கு மாறுவது இப்படிப்பட்ட ஒரு பிரயாணத்தில்தான். அதனால்தான் இதைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்தேன். புருஷன், பெஞ்சாதி இரண்டு பேரும் கேளுங்கள்.

நாமக்கல்லில் இரவு மணி 10 ஆகும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு 12.30. துபாயில் இரவு 8.30 தான். நியூயார்க் நகரில் கோடை காலமானால் பகல் 12.30. பூமி சுற்றுகிறது, ஓர் இடத்தில் சூரியன் உச்சியில் நிற்கும்போது இன்னோர் இடத்தில் இருட்டு. ஆகவே மணி மாறுகிறது. ஆனால் குழந்தையின் வயிறு மாறுவதில்லை. இங்கே இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பசித்த குழந்தைக்கு, வானத்தில் பறக்கும்போதும் அப்படித்தான் பசிக்கும். அங்கே இறங்கிய பிறகும் அப்படித்தான் பசிக்கும். கைக்குழந்தைக்கு அதன் பசிதான் கடிகாரம். வாயைத் திறந்து தேடுகிறதா, கையைச் சப்புகிறதா, தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறதா? அதுதான் பால் கொடுக்கும் நேரம். வீறிட்டு அழும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, தூக்கம்? பிறந்து இரண்டு மூன்று மாதம் வரை குழந்தைக்கு இரவு, பகல் என்ற கணக்கு உடம்பில் ஊறியிருக்காது. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கும், தாய்க்கும் சில நாள் தூக்கம் தடுமாறும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேர வீதம் உடம்பு புது நேரத்துக்குப் பழகிக்கொள்ளும். சிங்கப்பூர் என்றால் இரண்டு மூன்று நாள்; அமெரிக்கா என்றால் ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். காலையில் தாயும் பிள்ளையும் வெளிச்சத்தில் இருங்கள். இரவில் விளக்கை மங்கலாக வைத்து, பேச்சைக் குறைத்துப் பால் கொடுங்கள். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்துக்கு உதவும் பொருள் ஒன்று பகலைவிட அதிகம் இருக்கிறது. தாயின் உடம்பு பழகப் பழக, அந்தப் பால் குழந்தையையும் பழக்கும்.

இரவுப் பாலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பாலைச் சுரக்கச் செய்யும் சுரப்பு நீர் இரவில்தான் கூடுதலாக ஊறுகிறது. ஆகவே, "களைச்சு வந்திருக்கா, ராத்திரி அவ தூங்கட்டும், புட்டி குடுத்துக்கலாம்" என்று வீட்டார் சொன்னால், அந்தக் கரிசனமே பால் குறையக் காரணமாகிவிடும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். ஊற்றுத் தண்ணீர் மாதிரி, இறைத்தால்தான் ஊறும். தாய்க்கு ஓய்வு தர வேண்டும் என்றால், குழந்தையை ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் தகப்பனார் செய்யட்டும். பால் கொடுப்பதை மட்டும் தாய்க்கு விட்டுவிடுங்கள்.

அலைச்சலில் பால் வற்றுமா? வற்றாது. பயமும் கவலையும் பால் இறங்குவதைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை மேலோடு அணைத்துக்கொண்டால் சற்று நேரத்தில் இறங்கிவிடும். "வெயில்ல வந்திருக்கே, சூட்டுப் பால் கொடுக்காதே, பீச்சிக் கொட்டு" என்பதும் தப்பு. தாய்ப்பால் எப்போதும் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். கொட்டினால் குழந்தையின் ஆகாரம் வீண்.

இனிப் பிரயாணத்தைப் பார்ப்போம். 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அறை இல்லாத இடத்தில் முந்தானையோ துண்டோ போதும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் மறைவாக நின்றால் தாய்க்குத் தைரியம் வரும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். விமானம் ஏறும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், காற்றழுத்தம் மாறிக் குழந்தைக்குக் காது வலிக்கும். அப்போது பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது சரியாகும். பணிப்பெண் தரும் சின்னப் பட்டையைக் குழந்தைக்கு மாட்டிக்கொண்டே கொடுக்கலாம். நேரமாகிவிட்டது என்று பால் கொடுக்காமல் அடக்கி வைத்தால் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். கட்டி, சிவப்பு, காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

முதல் 6 மாதம் தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 88 பங்கு தண்ணீர்தான். தவிர்க்க முடியாமல் பிரிந்திருக்க நேர்ந்தால், பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வைத்து, 4 மணி நேரத்துக்குள் பாலாடையில் ஊட்டுங்கள். புட்டியை வழியில் கொதிக்கவைத்துக் கழுவ வசதியேது? அந்த அழுக்குத்தான் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

"பால் போதுமா, போதாதா?" என்ற சந்தேகம் வந்தால், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நனைந்த துணியை எண்ணுங்கள். எந்தத் தேசமானாலும் ஒரு நாள் என்பது 24 மணி நேரம். அதற்குள் 6 தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதும்.

கடைசியாக, தம்பதிகள் இருவரும் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. தாய்ப்பால் அடுத்த கர்ப்பத்தையும் தள்ளிப் போடும். 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு மூன்று நிபந்தனை சொன்னார்கள்: குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பாலே ஆகாரமாக இருக்க வேண்டும். பகலில் 4 மணிக்கு மேலும், இரவில் 6 மணிக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. மூன்றும் இருந்தால் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே கர்ப்பம் தரிக்கும். பிரயாணத்தில் புட்டி நுழைந்து, இடைவெளி நீண்டால் அந்தக் காவல் போயிற்று. பல மாதம் பிரிந்திருந்த தம்பதிகள் சேரும் வேளையும் அதுவேதான்! கைப்பிள்ளை தவழும் முன்னே அடுத்தது வயிற்றில் வந்தால், தாய்க்கும் ரத்தம் இருக்காது, பிள்ளைகளுக்கும் போஷாக்கு இருக்காது.

ஆகவே புறப்படும் முன்பே இருவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவைப் பாருங்கள். காப்பர் டி உண்டு. பிரசவமாகி 6 வாரம் கழிந்த தாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு தரம் போடும் அந்தரா ஊசி உண்டு. சாயா மாத்திரை முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கிழமைக் கணக்கு என்பதால் தேசம் மாறினாலும் குழப்பமில்லை. இவை பாலைக் குறைக்கா. மாலா-என் மாத்திரை மட்டும் பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதம் ஆகாது. நிரோத் எப்போதும் கைகொடுக்கும். குழந்தைக்கு 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகளில் பாக்கி இருந்தால் போட்டுக்கொண்டு, தாய் சேய் அட்டையையும் பெட்டியில் வையுங்கள்.

பெட்டியில் இடம் போதவில்லையா? பால் மாவு டப்பாவையும் புட்டியையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் ஆகாரம் உங்களோடேதான் பிரயாணம் வருகிறது. சுகமாகப் போய்ச் சேருங்கள்.